600 மி.மீ. முனையில் தெளிவில்லாத படங்கள்: லென்ஸா, கேமராவா, கடற்காற்றா?

தேரூர்க்கரை

அனைவருக்கும் வணக்கம். நிக்கான் டி7200 கேமராவில் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைப் பொருத்திப் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். லென்ஸ் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களிலும் புத்தளம் உப்பளங்களிலும் எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், எண்ணெய்த்தாள் ஒன்றை மேலே விரித்தது போல் மங்கலாக இருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரையின் இறகுகளில் கோடே தெரிவதில்லை. 600 மி.மீ. முனையில்தான் இந்தக் குறை மிகுதி. 300 வரை ஓரளவு நன்றாகவே இருக்கிறது. போதாக்குறைக்கு, படத்தின் வலப்பக்கம் இடப்பக்கத்தை விடக் குழைந்திருப்பதாகத் தோன்றுகிறது. இதே கேமராவில், அதோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸ் வைத்து எடுக்கும் குடும்பப் படங்களில் எந்தக் குறையும் இல்லை.

சர்வீஸுக்கு அனுப்புவதானால் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். திரும்பி வருவதற்குள் பறவைகள் வரும் பருவம் கழிந்துவிடும். அனுப்புமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? மாதிரிக்குச் சில படங்களை இணைத்துள்ளேன். அவற்றுள் ஒன்று கன்னியாகுமரிக் கரையிலிருந்து எடுத்தது: இடப்புறம் வள்ளுவர் சிலையின் முகம் நன்றாக இருக்கிறது, வலப்புறம் உள்ள மீன்பிடிப் படகு குழைந்திருக்கிறது.

சுங்கான்கடை

நண்பரே, இந்த வகை ஜூம் லென்ஸ்கள் எல்லாமே 600இல் சற்று மென்மையாகத்தான் இருக்கும். லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) எஃப்/8க்குக் கொண்டுவாருங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும். மீதிக் குறையோடு வாழப் பழகுங்கள், அல்லது விற்றுவிட்டு ஜூம் இல்லாத நிலைக் குவியத்தூர லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

மார்த்தாண்டம் இருட்டறை

தம்பி, விற்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். நீங்கள் ஒரே குறை என்று எழுதியிருப்பது எனக்கு மூன்று குறைகளாகத் தெரிகிறது: உப்பளத்துப் படங்களில் ஒன்று, தேரூர்ப் படங்களில் வேறொன்று, வலப்பக்கக் குழைவு மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு வகை மங்கலும் படத்தில் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அதைப் படிக்காமல் லென்ஸைக் குற்றம் சொன்னால், சர்வீஸ் நிலையத்தார் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக்குவரத்துச் செலவுதான் மிஞ்சும்.

எந்தப் படத்திலும் முதலில் பார்க்க வேண்டியது, எங்கேனும் ஓர் இடமாவது தெளிவாக இருக்கிறதா என்பதுதான். பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. எங்குமே தெளிவில்லாமல், ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடுகளாக நீண்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. பறவை மட்டும் கோடாகி, அது நிற்கும் கட்டை தெளிவாக இருந்தால் பறவை அசைந்திருக்கிறது. தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று ஒருவாறும் அடுத்தது வேறுவாறும் இருந்தால், கேமராவுக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கும் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். எப்போதும் சட்டத்தின் அதே பக்கம் குழைந்தால் மட்டுமே லென்ஸின் கண்ணாடி வரிசையைச் சந்தேகிக்கலாம்.

வள்ளுவர் சிலைப் படத்தைச் சான்றாக ஏற்க மாட்டேன். தொலைவில் உள்ளவை எல்லாம் ஒரே ஃபோகஸில் விழும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 600 மி.மீ., எஃப்/6.3, இந்தக் கேமராவின் சென்சார் அளவு ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால் ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது முடிவிலி வரை தெளிவாக விழ ஃபோகஸ் செய்ய வேண்டிய மிகக் குறைந்த தூரம், ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் வருகிறது. 500 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், தெளிவு எனக் கொள்ளத்தக்க எல்லை சுமார் 425 மீட்டரிலிருந்து 600 மீட்டர் வரைதான். சிலைக்கு வெகு பின்னால் போன படகு குழைந்திருப்பதுதான் முறை.

படங்களின் ராக் கோப்புகளை, அதாவது கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகளை, பதிவேற்றுங்கள். வாட்ஸ்அப் வழியாகப் போய் வந்த ஜேபெக் கோப்பை வைத்துக்கொண்டு லென்ஸின் தரத்தைப் பேசுவது வீண் வேலை. லென்ஸின் முகப்பில் ஃபில்டர் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

தேரூர்க்கரை

மிக்க நன்றி, அண்ணாச்சி. ராக் கோப்புகளை ஏற்றியிருக்கிறேன். உப்பளத்துப் படங்கள் காலை 11 மணியை ஒட்டி எடுத்தவை: 600 மி.மீ., எஃப்/6.3, ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ 400. பூநாரைகள் வரப்புகளைத் தாண்டி வெகு தூரத்தில் நின்றன. தேரூர்ப் படங்கள் விடிந்து சிறிது நேரத்தில் எடுத்தவை: 1/250, எஃப்/6.3, ஐஎஸ்ஓ 800, கையில் பிடித்து, நடுக்கத் தடுப்பு இயக்கத்தில். ஃபில்டர் இருக்கிறது, லென்ஸோடு சேர்ந்தே வந்த 95 மி.மீ. யூவி ஃபில்டர்.

முட்டம் கலங்கரை

உப்பளத்துப் படங்களைத் தொடர் வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவற்றில் லென்ஸின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, இது கானல். பத்துப் பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரே தொடரில், பூநாரையின் கால் ஒரு படத்தில் நேராகவும் அடுத்ததில் நெளிந்தும் இருக்கிறது. பின்னால் உள்ள மின்கம்பத்தின் விளிம்பைப் பாருங்கள்: ஒரே கம்பத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாகவும் கீழ்ப்பகுதி எதிர்ப்பக்கமாகவும் வளைந்திருக்கிறது. ஃபோகஸ் பிழையோ கை நடுக்கமோ கம்பத்தை இப்படி நெளிக்காது.

வெயில் ஏறியதும் வரப்பு மண்ணும் சாலைத் தாரும் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலெழுகிறது. அதன் இடத்தைக் குளிர்ந்த காற்று நிரப்புகிறது. வெப்பம் மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண்ணும் மாறும் என்பதால், பறவையிலிருந்து வரும் ஒளி ஒழுங்கற்ற எண்ணற்ற காற்றுத் துணுக்குகளைக் கடந்து, வழியெங்கும் சிறிது சிறிதாக விலகி வருகிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம், 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது அந்த விலகலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதும் இதற்கு மருந்தாகாது, ஏனெனில் நெளிந்த காட்சியை அந்தக் கணத்தில் நிறுத்தித் தரத்தான் வேகமான ஷட்டரால் முடியும். பத்தாயிரம் அல்ல, லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் அந்த 11 மணிக்கு அதே படம்தான் கிடைக்கும். இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் படப்பிடிப்பு நண்பர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியவர்கள் அறவே ஒப்புக்கொள்வதில்லை.

செய்யக்கூடியவை சிலதான். தூரத்தைக் குறைப்பதே முதல் வழி, ஏனென்றால் இடையில் உள்ள காற்று குறைந்தால் கானலும் குறையும். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தையும், மழை பெய்து ஓய்ந்த மேகமூட்ட நாள்களையும் பயன்படுத்துங்கள். வரப்புக்கு மேலாகத் தாழ்வாகக் குறி வைப்பதை விட, மணக்குடிப் பாலம் போன்ற உயரமான இடத்திலிருந்து நீருக்கு மேலாகப் பார்ப்பது பெரும்பாலும் நன்மை தரும். காரின் கண்ணாடியை இறக்கி, ஏசி ஓடும் உள்ளிருந்து படமெடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சன்னலிலேயே குளிர்காற்றும் வெங்காற்றும் கலந்து ஒரு குட்டிக் கானலை உண்டாக்குகின்றன.

சுங்கான்கடை

கானல் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விடியற்காலைத் தேரூரில் கானல் எங்கே வந்தது? அந்தப் படங்களும் மங்கலாகத்தானே இருக்கின்றன?

மார்த்தாண்டம் இருட்டறை

சரியான கேள்வி. தேரூர்ப் படத்தில் நாரையின் பின்னால், நீரின் மேல் விழுந்த ஒளிப்புள்ளிகளை 100 விழுக்காட்டில் பாருங்கள். ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாகச் சற்றுச் சாய்ந்த சிறு கோடாக இருக்கிறது, அதுவும் சட்டம் முழுவதும் ஒரே சாய்வில். இது கேமரா அசைவு. டி7200இன் சென்சாருக்கு 600 மி.மீ. என்பது பார்வைக் கோணத்தில் 900 மி.மீ.க்குச் சமம். கையில் பிடித்தால் குறைந்தது 1/900, முறையாகச் சொன்னால் 1/1000 வேண்டும் என்பது பழைய கணக்கு. 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அதுவே போதாமல் போகும். நடுக்கத் தடுப்பு நம் கையின் அசைவை ஓரளவு ஈடு செய்யும், நாரை கழுத்தைத் திருப்புவதை ஈடு செய்யாது. 1/250இலிருந்து 1/1000க்குப் போனால் ஐஎஸ்ஓ 800 என்பது 3200 ஆகும். அதில் வரும் மணல்மணலான இரைச்சலைக் கண்டு பயப்பட வேண்டாம். இரைச்சலை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்து அழிந்த இறகை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது.

இந்த இரண்டையும் கழித்துவிட்டால், ஃபில்டர், ஃபோகஸ், வலப்பக்கம் ஆகிய மூன்று சந்தேகங்கள் மீதி நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஃபில்டரைக் கழற்றி, ஷட்டரையும் கூட்டி, துளையையும் குறைத்துவிட்டுப் படம் நன்றாக வந்ததென்றால், எதனால் நன்றானது என்பது உங்களுக்கே தெரியாது.

ஆரல் காற்று

முக்காலி பற்றி ஒரு வார்த்தை. சோதனைக்கு முக்காலியில் பொருத்தினால் அசைவு முற்றிலும் நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். நான் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில், ஆடிக் காற்றில் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தி வைத்தால் 600 மி.மீ. லென்ஸ் ஒருபோதும் நிலையாக நிற்காது. நடுத்தண்டை முழுவதுமாக இறக்கி, கால்களைக் குட்டையாக வைத்து, ஹூட்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அகன்ற ஹூட் காற்றை நன்றாகப் பிடிக்கும். கேமராவுக்குள் இருக்கும் மிரர் கண்ணாடி எழும்பும் அதிர்வும் ஒரு காரணம். சற்றேறக்குறைய 1/4 முதல் 1/60 வரையிலான ஷட்டர் வேகங்களில் அதன் தொல்லை மிகுதி. டி7200இல் எக்ஸ்போஷர் டிலே என்னும் வசதி இருக்கிறது. 3 வினாடி வைத்தால் கண்ணாடி எழும்பிய அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறக்கும். முக்காலியில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பை நிறுத்திவிடுங்கள். முக்காலியைத் தானே உணரும் லென்ஸ்கள் உண்டு என்றாலும், சோதனையின்போது அதை நம்ப வேண்டியதில்லை.

வலப்பக்கக் குழைவைச் சோதிக்க ஒரே பொருளை வைத்துக்கொள்ளுங்கள். முப்பந்தல் காற்றாலைகளை நான் பயன்படுத்திப் பார்த்ததுண்டு. ஆனால் ஒரு காற்றாலை ஒரு தூரத்திலும் அடுத்தது வேறு தூரத்திலும் நிற்பதால், அண்ணாச்சி படகைப் பற்றிச் சொன்ன அதே சிக்கல் வரும். செல்போன் கோபுரத்தின் குறுக்குச் சட்டங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. நடுவில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, கேமராவை மட்டும் திருப்பி அதே கோபுரத்தை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நான்கு மூலைகளிலும் வைத்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை எடுங்கள். குழைவு கோப்பின் அதே பக்கத்திலேயே நின்றால் குறை கேமராவிலோ லென்ஸிலோ இருக்கிறது. காட்சியோடு சேர்ந்து இடம் மாறினால் குறை வெளியில் இருக்கிறது. அடுத்து, இன்னொரு லென்ஸைப் பொருத்தி அதையே செய்தால் கேமராவா லென்ஸா என்பதும் தெரிந்துவிடும்.

புத்தளம் வரப்பு

ஃபில்டர் பற்றிப் பேசும் எல்லோரும் அதன் தரத்தையே பேசுகிறார்கள். நான் உப்பளத்தின் அருகில் வசிப்பவள். அதன் மேல் படிந்திருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கடற்காற்றில் வரும் நுண்திவலை கண்ணாடியில் விழுந்து, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வெண்ணிறப் புள்ளிகள் மெல்லிய படலமாக எழும்பித் தெரியும். வெயிலுக்கு எதிராக எடுக்கும் படங்களில் கறுப்பு வெளுத்துப் போவதற்கும், வெள்ளைப் பறவையைச் சுற்றி ஒளி கசிந்தது போலிருப்பதற்கும் இந்தப் படலம் பெரும்பாலும் காரணமாகிறது.

பலரும் செய்வது, கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த துடைப்பானை எடுத்து உடனே தேய்ப்பது. உப்பு தண்ணீரில் கரைவது போல் ஆல்கஹாலில் கரைவதில்லை. ஆகையால் அது விலகாமல் கண்ணாடியில் இழுவையாகப் பரவும். முதலில் காற்றூதியால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரால் லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்; கடைசியாகத்தான் துடைப்பான். நீரை நேரடியாகக் கண்ணாடியின் மேல் விடக் கூடாது, ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும்.

ஊதாமல் துடைக்கக் கூடாது என்பதற்கு நம் மாவட்டத்தில் தனிக் காரணமே இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் இல்மனைட், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். அதுவும் சிர்கானும் சாதாரணக் கண்ணாடியை விடக் கடினமானவை. அந்த மணலில் ஒரு துகள் துணிக்கடியில் மாட்டினால் லென்ஸின் பூச்சில் நிரந்தரமாகக் கோடு விழும்.

தேரூர்க்கரை

அக்கா சொன்னபடி ஃபில்டரைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தேன். படலம் இருந்தது, நடுவில் யாரோ வட்டமாகத் துடைத்த இழுவையும் இருந்தது. நீரால் சுத்தம் செய்த பிறகு, ஃபில்டர் இருக்கும்போதும் இல்லாதபோதும் வெவ்வேறாகப் படமெடுத்து ஒப்பிட்டேன்.

சோதனைக்கு, வீட்டு மதிற்சுவரில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை ஒட்டி, 20 மீட்டர் தள்ளி முக்காலியை வைத்தேன். நேரம் காலை, சுவர் இன்னும் நிழலில் இருந்தது. சுத்தம் செய்த ஃபில்டரோடு எடுத்த படத்தில் எழுத்துகளின் விளிம்பில் மெல்லிய இரட்டை நிழல் விழுகிறது. 'ண' எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஃபில்டரைக் கழற்றியதும் சுழிகள் பிரிந்து தெரிகின்றன. 300 மி.மீ.யில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஆகவே ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்து ஃபோகஸ். வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து எடுத்த படங்களை விட, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து எடுத்த படங்கள் தெளிவாக இருக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்தாலும் இதே முடிவு. சுவருக்கு முன்னால் தரையில் சாய்வாக வைத்த அளவுகோலில், வியூஃபைண்டர் வழி எடுத்தபோது தாளுக்குச் சற்று முன்னால் உள்ள எண்கள்தான் கூர்மையாக விழுகின்றன. இதற்கு என்ன பொருள்?

மார்த்தாண்டம் இருட்டறை

முன்ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் பொருளுக்கு முன்னால் விழுகிறது. எஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது, ஃபோகஸைக் கணிக்கும் உணரி கேமராவின் அடியில் தனியாக இருக்கிறது. ஒளி அங்கே போவதற்கென்று மிரர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துணைக் கண்ணாடியும் உண்டு. அந்த வழியின் நீளமும் சென்சாருக்குப் போகும் வழியின் நீளமும் மிக நுண்ணிய அளவில் ஒத்துப்போக வேண்டும். லென்ஸும் கேமராவும் தனித்தனியே அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தாலும், இரண்டும் சேரும்போது பிழை கூடிவிடலாம். லைவ் வியூவில் சென்சாரே நேரடியாகக் கணிப்பதால் இந்தப் பிழைக்கு இடமில்லை. மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்ததும் இதனால்தான்.

20 மீட்டரில், 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் தெளிவு ஆழம் மொத்தமாகவே சுமார் 28 செ.மீ.தான், 10 மீட்டரில் அது 7 செ.மீ. ஆகிவிடும். பெரிதாக்கிப் பார்ப்பவர் இதையும் தாராளம் என்றே சொல்வார். ஆகவே சிறு பிழையும் நாரையின் கண்ணிலிருந்து ஃபோகஸை அலகுக்கு இழுத்துவிடும்.

டி7200இன் செட்டப் மெனுவில், தானியங்கி ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் டியூன் இருக்கிறது. எல்லை -20 முதல் +20 வரை. கூட்டல் பக்கம் போனால் ஃபோகஸ் கேமராவை விட்டு விலகிப் போகும். உங்களுக்குக் கூட்டல்தான் வேண்டும். +5இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள், பிறகு நடுவில் நுணுக்கமாகத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு மறுபடி பிடிக்கச் செய்யுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பல படங்கள் எடுத்து அவற்றின் பொதுப்போக்கைப் பாருங்கள். ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள், ஃபோகஸ் தானாகவே படத்துக்குப் படம் சிறிது மாறும்.

ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கேமராவில் ஒரு லென்ஸுக்கு ஓர் அளவைத்தான் சேமிக்க முடியும். கேனான் 80டி போன்றவற்றில் ஜூமின் அகல முனைக்கும் நீள முனைக்கும் தனித்தனியாக வைக்கலாம். நீங்கள் 600இல்தான் மிகுதியாக எடுக்கிறீர்கள் என்பதால் 600க்கே சரிசெய்யுங்கள். சோதிக்கும் தூரம் குவியத்தூரத்தைப் போல் 25 முதல் 50 மடங்கு, அதாவது 15 முதல் 30 மீட்டர் வரை இருப்பது நல்லது. உங்கள் மதிற்சுவர்த் தூரம் பொருத்தமாகவே இருக்கிறது. டி5600 போன்ற கேமரா வைத்திருப்பவர்கள் இந்த மெனுவைத் தேட வேண்டாம். அதில் இந்த வசதி கிடையாது.

தக்கலை பயணி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எஃப்/16 வைத்து எடுத்த படங்களில், வானத்தில் எப்போதும் அதே இடத்தில் சாம்பல் புள்ளிகள் விழுகின்றன. என் லென்ஸிலும் உப்புப் படிந்திருக்கிறதா?

மார்த்தாண்டம் இருட்டறை

இல்லை, அது சென்சார் தூசி. லென்ஸின் முகப்பில் உள்ள துகள் இவ்வளவு தெளிவான புள்ளியாக விழாது. எஃப்/5.6இல் எடுத்துப் பாருங்கள், புள்ளிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். கேமராவில் உள்ள தூசி நீக்கும் வசதியை இயக்குங்கள். போகாவிட்டால் பை வடிவக் காற்றூதியால், கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். அழுத்தக் காற்று டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது.

தேரூர்க்கரை

ஃபைன் டியூனில் +9 எனக்குப் பொருந்தியது. வியூஃபைண்டர் வழி எடுத்ததும் லைவ் வியூவில் எடுத்ததும் இப்போது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதே அளவை வைத்துக்கொண்டு, விடிந்ததும் தேரூரில் 1/1250, ஐஎஸ்ஓ 3200 வைத்துச் சென்ற வாரம் எடுத்த புள்ளிமூக்கு வாத்துப் படத்தை இணைத்துள்ளேன். இறக்கையில் உள்ள பச்சைத் திட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தனியாகத் தெரிகிறது. இதற்கு முன் அப்படித் தெரிந்ததே இல்லை.

ஆனால் செல்போன் கோபுரச் சோதனையில் வலப்பக்கம் தேறவில்லை. இடது ஓரத்தில் போல்ட்டுகளின் தலைகளை எண்ண முடிகிறது; வலது ஓரத்தில், குறிப்பாகக் கீழ் மூலையில், சட்டங்களே குழைந்து இரட்டையாகத் தெரிகின்றன. கேமராவைத் தலைகீழாகப் பிடித்தும் குழைவு கோப்பின் அதே மூலையில்தான் இருக்கிறது. கிட் லென்ஸில் நான்கு மூலைகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. எஃப்/11க்குக் குறைத்தால் ஓரளவு சரியாகிறது. எஃப்/22 வைத்தால் முழுவதும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது, ஆனால் எல்லாமே மங்கலாகிவிடுகிறது.

சுங்கான்கடை

லென்ஸில் குறை இருக்கத்தான் செய்கிறது என்று நான் முதலிலேயே எழுதியதை இங்கே நினைவூட்ட அனுமதியுங்கள்.

முட்டம் கலங்கரை

நீங்கள் எழுதியது, இந்த வகை லென்ஸ் எல்லாமே இப்படித்தான் என்று. இப்போது தெரிய வந்திருப்பது, இந்த ஒரு லென்ஸின் ஒரு மூலை மட்டும் இப்படி என்பது. முன்னதற்கு மருந்து இல்லை, பின்னதற்கு உண்டு.

எஃப்/22இல் வந்த மங்கலைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) வருவது. பச்சை ஒளிக்கு ஒளிப்புள்ளியின் விட்டம் எஃப்/8இல் சுமார் 10.7 மைக்ரோமீட்டர், எஃப்/22இல் சுமார் 29.5 மைக்ரோமீட்டர். இந்தக் கேமராவின் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரோமீட்டர்தான். எந்த நிறுவனத்தின் லென்ஸானாலும், எவ்வளவு விலையானாலும் எஃப்/22இல் இது நடந்தே தீரும்.

மார்த்தாண்டம் இருட்டறை

தம்பி, இப்போது சர்வீஸுக்கு அனுப்பலாம். இது மையப்பிறழ்வு, அதாவது உள்ளே உள்ள கண்ணாடித் தொகுதிகளில் ஒன்று அச்சிலிருந்து சற்று விலகியோ சாய்ந்தோ இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் லென்ஸ்களில் கீழே விழுந்ததால் இது நேர்வதுண்டு. வெளிக்கூட்டில் கீறல் இல்லை என்பதால் விழவில்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் திருகாணியைக் கழற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள், கண்ணாடிகளை அச்சில் நிறுத்துவதற்கு அதற்கென்று கருவி வேண்டும்.

அவசரம் இருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்றும் சொல்வேன். பறவையைச் சட்டத்தின் நடுவில் வைத்து, வெட்டிச் சீர்செய்து பயன்படுத்தும் உங்களுக்கு, வலது கீழ் மூலையின் குழைவு எத்தனை படங்களைக் கெடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். பருவம் முடியும்வரை இப்படியே எடுத்துவிட்டு, கோடையில் பறவைகள் போன பிறகு அனுப்புவது என் யோசனை. அதுவரை லென்ஸை ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். சாரல் காலம் தொடங்கிய பிறகு நம் ஊரில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க வெகு நாள் ஆகாது. அரிசி டப்பாவில் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம், அதன் தூள்தான் வளையங்களுக்குள் போகும். ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வெளியே போகவும் வேண்டாம்: வெளியே 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் பனிநிலை சுமார் 26 டிகிரி, எனவே 22 டிகிரி அறையில் இருந்த கண்ணாடியில் உடனே நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே வெளியில் அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

தேரூர்க்கரை

கோடையிலேயே அனுப்புகிறேன், அண்ணாச்சி. சர்வீஸ் விண்ணப்பத்தில் குறையை எப்படி எழுத வேண்டும்?

மார்த்தாண்டம் இருட்டறை

'படம் தெளிவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். '600 மி.மீ., எஃப்/6.3, வலது கீழ் மூலையில் குழைவு, கேமராவைத் தலைகீழாக்கியும் அதே மூலையில், வேறு லென்ஸில் இல்லை, எஃப்/11இல் குறைகிறது' என்று எழுதுங்கள். கோபுரத்தின் நான்கு மூலைப் படங்களையும் நடுப்படத்தையும் ராக் கோப்புகளாக ஒரு மெமரி கார்டில் போட்டு லென்ஸோடு அனுப்புங்கள். ஃபைன் டியூன் +9 என்பதையும் குறிப்பிடுங்கள். கண்ணாடித் தொகுதியை அவர்கள் நகர்த்தினால் அந்த அளவு மாறிவிடும், லென்ஸ் திரும்பி வந்ததும் மதிற்சுவரில் மறுபடி தாள் ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.